உரக்கிடங்குக்கு வந்த போர்மேன்

அழுகின கத்தரிக்காயைக் கூடையிலிருந்து கொட்டும்போது, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி சத்தமில்லாமல் கொட்ட வேண்டும் என்று சொன்ன மனுசரிடம் நான் நாலு வருசம் வேலை பார்த்தேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரை நாங்கள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. இப்போது புதுசாக எழுதினால் வேறு யாரையோ எழுதின மாதிரி இருக்கும். போர்மேன் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவில், கரிசல் காட்டில், எங்கள் உரக்கிடங்கு இருந்தது. சுத்துப்பட்டு ஊர்க் குப்பை முழுக்க அங்கேதான் வரும். மக்குகிற குப்பையைக் குவியல் போட்டு உரமாக்குவோம். அட்டை, பிளாஸ்டிக், தகரம் என்று விலை போகிறதைத் தனித்தனியாகப் பிரித்துக் கட்டி வைப்போம். எதற்கும் ஆகாதது பின்னால் இருக்கிற பெரிய பள்ளத்துக்குப் போகும். குத்தகைக்கு எடுத்து நடத்தினது ஒரு கம்பெனி. வேலை பார்த்தது பதினோரு பொம்பளைகள். அதில் நானும் ஒருத்தி.

அவருக்கு முன்னால் எங்களை மேய்க்க வந்தவர்கள் எல்லாரும் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்து, ஒரு மாசத்தில் கட்டின கைக்குட்டையோடு போய்விட்டார்கள். இவர் கைக்குட்டை கட்டவில்லை. விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருசம் போர்மேனாக இருந்தவர். கந்தக வாசம் பிடித்துப் பிடித்து அவருக்கு மூக்கே செத்துப்போய்விட்டது என்று பாக்கியம் சொல்லுவாள். பாக்கியம் எங்களில் வாய் உள்ளவள். எனக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள்.

முதல் நாள் அவர் வந்தபோது நாங்கள் குப்பை பிரிக்கிற தகரக்கூரைச் செட்டுக்குள் வட்டமாக உட்கார்ந்து கல்யாண மண்டபத்து எச்சில் இலையை அலசிக்கொண்டிருந்தோம். வாசலிலேயே நின்றுவிட்டார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில். முகம் வெளுத்திருந்தது.

"இந்தச் செட்டுக்குள்ள எத்தன பேரு இருக்கீக?"

"பதினோரு பேரு" என்றாள் பாக்கியம்.

"ஒரே செட்டுக்குள்ளயா?"

"வேற செட்டு இல்லையே அண்ணாச்சி."

"எந்திரிங்க தாயி. எல்லாரும் மெதுவா எந்திரிங்க. ஓடாதீக. ஒருத்தர ஒருத்தர் உரசாதீக."

என்னமோ பாம்பு வந்துவிட்டது என்று நினைத்து எல்லாரும் வெளியே ஓடினோம். பாம்பு இல்லை. பட்டாசுக் கம்பெனியில் ஒரு அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தச் சட்டத்தை அவர் கையோடு இங்கே கொண்டுவந்துவிட்டார். சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டு செட்டை மூன்றாகத் தடுத்தார். நாலு பேர், நாலு பேர், மூணு பேர். எல்லாரும் வாசலைப் பார்த்து உட்கார வேண்டும். வாசலில் ஒரு மண் வாளி, ஒரு தண்ணீர் வாளி.

பாக்கியம் பொறுக்க மாட்டாமல் கேட்டாள்: "அண்ணாச்சி, வாழையிலை வெடிக்குமா?"

அவர் கோவிக்கவில்லை. நிதானமாகச் சொன்னார்: "எதுவுமே வெடிக்கிற வரைக்கும் வெடிக்காதுதான் தாயி."

கொலுசைக் கழட்டச் சொன்னார். ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் வாசலில் ஒரு டப்பாவில் போடச் சொன்னார். நைலான் சேலை கூடாது, உரசினால் பொறி வரும், நூல் சேலைதான் கட்ட வேண்டும் என்றார். குப்பையில் புரளுகிறதுக்கு நல்ல நூல் சேலையா என்று நாங்கள் வயிறு எரிந்தோம். வீட்டில் என் மருமகள் கேட்டாள், "அத்தை, நீங்க வேலைக்குப் போறீகளா, விசேசத்துக்குப் போறீகளா?" நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

கேட்டுப் பக்கத்துச் சுவரில் ஒரு செப்புத் தகட்டை அடித்துவைத்தார். பட்டாசுக் கம்பெனியில் உள்ளே போகும் முன்னால் அந்த மாதிரித் தகட்டில் உள்ளங்கையை வைப்பார்கள். உடம்பில் இருக்கிற கரண்டு மண்ணுக்கு இறங்கிவிடும் என்பார்கள். நாங்களும் தினம் தொட்டோம். குப்பை லாரி டிரைவர்களும் தொடாமல் உள்ளே வரக் கூடாது என்று நின்றார். டிரைவர்களுக்கு விவரம் சொல்ல யாருக்கும் நேரமில்லை. அவர்கள் தொட்டார்கள், தொட்டதைக் கண்ணில் ஒத்திக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் தகட்டுக்கு மஞ்சள் வந்துவிட்டது. பத்து நாளில் குங்குமம். அப்புறம் ஒரு முழம் பூ.

"இது சாமியில்ல, தகடு!" என்று ஒவ்வொரு டிரைவரிடமும் கத்தினார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி" என்றான் ஒரு டிரைவர். "இதத் தொட்ட நாள்லேருந்து என் வண்டி பஞ்சராகல."

ஆடி வெள்ளிக்கிழமை ஒருத்தன் அதன் முன்னால் சூடம் கொளுத்திவிட்டான். உரக்கிடங்கு வாசலில் நெருப்பு. போர்மேன் அண்ணாச்சி மண் வாளியோடு ஓடிவந்த ஓட்டத்தை நான் என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். சூடத்தோடு சேர்த்து டிரைவர் கால் மேலேயும் மண்ணைக் கொட்டினார். அன்றைக்குப் பூராவும் அவர் டீ கிளாசைப் பிடிக்க முடியாமல் கீழே வைத்துவைத்துக் குடித்தார். நாங்கள் படுதாவுக்குப் பின்னால் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். அந்தக் கையைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் ஒருதரம், சாப்பாட்டுக்குப் பிறகு ஒருதரம், வேலை விடும்போது ஒருதரம் எங்களை எண்ணுவார். விரலை நீட்டி எண்ண மாட்டார்; உதடு மட்டும் அசையும். பதினொன்று வந்ததும் நிற்க வேண்டியதுதானே? நிற்க மாட்டார். எங்கள் தலைக்கு மேலே தள்ளிப் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் எண்ணுகிற மாதிரி உதடு அசையும். ஒருநாள் பாக்கியம், "இன்னும் யார அண்ணாச்சி தேடுறீக?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டாள். அவர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். திரும்ப வெளியே எடுத்தார். "எண்ணிக்கைன்னா சரியா இருக்கணும்ல" என்று சொல்லிவிட்டு எடைமேடைப் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு பாக்கியம்கூட அதைக் கேட்டதில்லை.

ஆனால் அந்த 'உரசாதீக' எங்களுக்குப் பாடமாகிவிட்டது. எதைச் செய்தாலும் அவர் வாயில் வருகிற முதல் சொல் அதுதான். தேங்காய்ச் சிரட்டையை இழுத்தால் உரசாதீக. மூட்டையைத் தள்ளினால் உரசாதீக. பாக்கியத்துக்கும் இன்னொருத்திக்கும் யார் எந்தப் பக்கம் உட்காருவது என்று ஒருநாள் சண்டை வந்து, முடியைப் பிடிக்கிற அளவுக்குப் போனபோதும் அவர் தூரத்தில் நின்று கும்பிட்டுச் சொன்னார்: "தாயி, உரசாதீக." அவர் என்ன நினைத்துச் சொன்னாரோ, சண்டை அந்த இடத்திலேயே சிரிப்பாகிவிட்டது.

விருதுநகரில் வத்தல் மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கியிலிருந்து மிளகாய்க் காம்பு ஒரு லோடு வரும். கொட்டினால் தும்மல்தான். பதினோரு பேரும் தும்மி, டிரைவர் தும்மி, கேட்டில் கட்டிக் கிடந்த நாயும் தும்மும். அவர் மட்டும் தும்ம மாட்டார். தும்மினால் உடம்பு குலுங்கும், குலுங்கினால் கை எதிலாவது இடிக்கும் என்று முப்பது வருசமாக அடக்கி அடக்கி, தும்மல் வருகிற வழியே அடைத்துப்போய்விட்டது அவருக்கு. கண்ணில் தண்ணீர் மட்டும் கொட்டும்.

இப்படி இருக்கையில்தான் மார்கழி வந்தது.

விடிந்தும் விடியாத நேரம். நல்ல பனி. கார்த்திகை மாசம் போட்ட பெரிய குவியல், முட்டைக்கோஸும் வாழைத்தண்டும் வைக்கோலும் கலந்தது, அதன் உச்சியிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி எழும்பிக்கொண்டிருந்தது. அவர் கேட்டைத் திறந்தவர் அதைப் பார்த்துவிட்டார். விசில் அடித்தார் பாருங்கள், அப்படி ஒரு விசிலை நான் கேட்டதில்லை. "வெளிய! எல்லாரும் ரோட்டுக்கு! கூடையப் போட்டுட்டு ஓடுங்க!"

எனக்கு அது என்ன என்று தெரியும். எங்கள் அப்பா வீட்டு எருக்குழியிலும் மார்கழி மாசம் அப்படித்தான் வரும். சாணமும் குப்பையும் மக்குகிற சூட்டுக்குக் குழி ஆவி விடும். சின்னப் பிள்ளையில் அதில் குளிர் காய்ந்திருக்கிறேன். ஆனால் அத்தனை பேர் நடுவில் வாயைத் திறந்து சொல்ல எனக்கு வரவில்லை. எல்லாரோடும் சேர்ந்து நானும் ஓடினேன்.

ரோட்டில் எங்களை எண்ணினார். பதினொன்று. போனை எடுத்தார். பட்டாசுக் கம்பெனி போர்மேன் கூப்பிட்டால் சிவகாசியில் தீயணைப்புக்காரர்கள் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அவர் குரல் அவர்களுக்குப் பழக்கம். அவர் வேலை மாறின விசயம்தான் தெரியாது. ரெண்டு வண்டி மணி அடித்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே ஆம்புலன்ஸ். அதற்குப் பின்னால் வேடிக்கை பார்க்க ஊர்ச் சனம் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும்.

"எந்த ரூம் அண்ணாச்சி? என்ன சரக்கு?" என்று குதித்து இறங்கினார் தீயணைப்புக்காரர்.

அண்ணாச்சி குவியலைக் காட்டினார். கேள்வி கேட்க நேரமில்லாமல் குழாயைத் திருப்பிவிட்டார்கள். ரெண்டு வண்டித் தண்ணீரும் குவியலுக்குள் போனது. அடித்து முடித்துவிட்டு அந்தத் தீயணைப்புக்காரர் கிட்டப் போய் ஒரு கைப்பிடி அள்ளினார். முகர்ந்தார். எங்களைப் பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி... இது வெந்த முட்டைக்கோஸு."

பாக்கியம் அதற்கு மேல் சும்மா இருப்பாளா? "கொஞ்சம் தாளிச்சுவிட்டா ஆளுக்குக் கொஞ்சம் சாப்பிட்டுப் போகலாம்" என்றாள். ரோடு முழுக்கச் சிரிப்பு. ஆம்புலன்ஸில் வந்தவரும் சிரித்தார். அண்ணாச்சி மட்டும் குவியலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சிரிப்பு ஒரு நாள்தான். அம்புட்டுத் தண்ணியும் உள்ளே இறங்கினதில் குவியல் அழுகி நாறத் தொடங்கியது. ஒரு வாரம் அந்த வாடை பக்கத்து ஊர் வரைக்கும் போனது. ஊர்க்காரர்கள் லாரியை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். கம்பெனி மேனேஜர் வந்தார். சின்ன வயசு. காரை விட்டு இறங்காமலே பேசுகிற பிள்ளை, அன்றைக்கு இறங்கினார்.

"அண்ணாச்சி, இந்த உரம் இதுவரைக்கும் ஒரு மூட்டைகூட வெளிய போகல. ஆனி மாசத்துக்குள்ள வெள்ளாமை பண்ணுற சம்சாரிக வந்து எடுக்கணும். இல்லேன்னா உரம் போடுறதையே நிப்பாட்டிட்டு எல்லாத்தையும் பள்ளத்துல தள்ளிருவோம்."

"அப்ப இவுகள்லாம்?"

"பள்ளத்துல தள்ளுறதுக்கு ஒரு டிரைவர் போதும்ல."

மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். எங்களில் பாதிப்பேர் பட்டாசு வேலைக்குப் போய் இடுப்பு விழுந்து இங்கே வந்தவர்கள். இங்கேயும் இல்லை என்றால் போக இடமில்லை. எனக்கும் அப்படித்தான். மகன் வீட்டில் நான் சாப்பிடுகிற சோறு, நான் கொண்டுபோகிற சம்பளத்தில் இறங்குகிற சோறு. அது நின்றால் தொண்டையில் நிற்கும்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு நான் மட்டும் நின்றேன். அண்ணாச்சியிடம் தனியாகச் சொல்ல எனக்கு வாய் வந்தது.

"அது ஆவிதான் அண்ணாச்சி. எங்க அப்பா வீட்டு எருக்குழியிலயும் வரும். சூடு இருந்தாத்தான் மக்கும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"பெறகு ஏன் ஓடுனீக?"

"எல்லாரும் ஓடுனாக."

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொன்னார்: "அதுதான் சரி. விசில் அடிச்சா ஓடணும். தெரிஞ்சாலும் ஓடணும்."

மறுநாளிலிருந்து எனக்கு ஒரு வேலை கூடிவிட்டது. அழுகின குவியலைக் கலைத்து, காயவிட்டு, வைக்கோல் சேர்த்துப் புதுசாகப் போட்டோம். தினம் காலையில் நான் அதற்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் ஆறடி தள்ளி நிற்பார்.

"நேத்தைய விடக் கூடவா?"

"கூடத்தான் அண்ணாச்சி."

"எம்புட்டு?"

"சோத்துப் பானை மூடி அளவுக்கு இருக்கு."

அவர் அதை நோட்டில் எழுதுவார். 'சோத்துப் பானை மூடி.' அடுத்த நாள் 'டீ கிளாஸ்.' அடுத்த நாள் 'பிள்ளைக்குக் காய்ச்சல்.' மேனேஜர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, இதில் டிகிரி எங்கே என்று கேட்டாராம். "படிச்சவுக யாரும் இங்கன கையை விடலையே தம்பி" என்றாராம் அண்ணாச்சி. எத்தனை சொன்னாலும் அவர் மட்டும் கையை வைக்கவில்லை. சூடு நல்லது என்பதை அவர் தலை ஒத்துக்கொண்டுவிட்டது. கால் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறடிக்கு ஒரு விரல்கூடக் கிட்ட வரவில்லை.

சூடான இடத்தில் இரும்போ கண்ணாடியோ உரசினால் என்ன ஆகும் என்கிற பயம் அவருக்கு இன்னும் கூடிவிட்டது. அதனால் எங்களுக்கு இடுப்பு ஒடிந்தது. எங்கள் ஊர்க் குப்பையில் என்னவெல்லாம் வரும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அச்சாபீஸ் கழிவில் ஸ்டேப்ளர் பின் கைநிறைய. தை மாசம் ஊர் முழுக்கப் பழைய காலண்டரைத் தூக்கிப் போடும்; ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தகரப் பட்டை. பிளேடு, பல்பு, பேட்டரி, வளையல் துண்டு. ஒரு கூடை குப்பை மூணு பேர் கை தாண்டித்தான் குவியலுக்குப் போக வேண்டும் என்றார். அதற்குப் பிறகு அவரே வருவார். ஒரு உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைக் கம்பில் கட்டி, பிள்ளைக்குத் தலை சீவுகிற மாதிரிக் குப்பையைச் சீவுவார். ஒரு குண்டூசி ஒட்டினால் போதும், அந்தக் கூடை திரும்ப முதல் ஆளிடம்.

"குண்டூசி எரியுமா அண்ணாச்சி?" என்று பாக்கியம் அழாத குறையாகக் கேட்டாள்.

"ஒண்ணோட ஒண்ணு உரசுனா?"

"ஒண்ணுதான் இருக்கு!"

"இன்னொண்ணு இல்லேன்னு ஒங்களுக்கு எப்படித் தாயி தெரியும்?"

பங்குனி, சித்திரை, வைகாசி மூணு மாசமும் இதே கதைதான். உரம் ஆறி, கறுத்து, சலித்து, மழை பெய்த கரிசல் மண் மாதிரி வாசமாகக் கிடந்தது. ஆனி பிறந்தும் ஒரு சம்சாரியும் வரவில்லை. அண்ணாச்சி பஸ் ஏறி ஊர் ஊராகப் போனார். வெடிக்காது என்று சொல்லி விற்கப் பார்த்தாராம். உரம் வெடிக்காது என்று ஒருத்தர் வீடு தேடி வந்து சொன்னால் யார் வாங்குவார்கள்?

கடைசியில் மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அங்கே பத்துப் பதினைந்து சம்சாரிகள் அவர் பேச்சைக் கேட்பார்களாம். மேனேஜரும் அன்றைக்கு வந்து நின்றார். பெரியவர் உரத்தை அள்ளிப் பார்க்கவில்லை. முகர்ந்து பார்க்கவில்லை. "குப்பை உரம்னா கண்ணாடி இருக்கும்" என்றார். "முன்னால ஒரு இடத்துல வாங்கிப்போட்டு, அதுல பிளேடு கிடந்து, எங்க வீட்டுக்காரி காலு நாலு மாசம் ஆறல."

"இதுல இருக்காதுங்க" என்றார் அண்ணாச்சி.

"எல்லாரும் அதைத்தான் சொல்லுதாக."

பெரியவர் செருப்பைக் கழட்டினார். வேட்டியை மடித்துக் கட்டினார். விறுவிறுவென்று உரக் குவியல் மேல் ஏறி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மூணு நடை நடந்தார். குதிகாலை வைத்து அழுத்தி அழுத்தி நடந்தார். நாங்கள் பதினோரு பேரும் மூச்சு விடவில்லை. இறங்கி வந்து பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"என் காலு காச்சுப்போன காலு. கருவேல முள்ளே ஏறாது" என்றார். "களையெடுக்கப்போறது பொம்பளைக. அவுக காலு சொல்லட்டும். வெள்ளிக்கிழமை கூட்டியாறேன்."

வெள்ளிக்கிழமை ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் தொட்டியில் முப்பது பொம்பளைகளாவது இருப்பார்கள். திருவிழாவுக்கு வந்த மாதிரிச் சிரிப்பும் பேச்சுமாக இறங்கினார்கள். இறங்கின சுருக்கில் மொத்தக் கூட்டமும் குவியல் மேல் ஏறிவிட்டது.

அண்ணாச்சி முகத்தை நான் பார்த்தேன். அவர் கண்ணுக்கு அது உரமாகத் தெரியவில்லை என்று தோன்றியது.

"நாலு நாலு பேரா ஏறுங்க தாயி! நாலு நாலு பேரா!"

"நாலு நாலா ஏறுனா பொழுது அடைஞ்சிரும் அண்ணாச்சி!" என்று மேலேயிருந்து ஒரு சின்னப் பொண்ணு கத்தினாள். ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு குதித்தார்கள். உரசோ உரசு என்று உரசினார்கள்.

விசில் அவர் வாய்க்குப் போய்விட்டது. மேனேஜர் பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: "அண்ணாச்சி, அடிச்சீகன்னா இவுக இறங்கிப் போயிருவாக. போனா வரமாட்டாக." அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுக்கவும் இல்லை, ஊதவும் இல்லை. மூச்சு வந்து போகிறதில் விசிலுக்குள் இருக்கிற குண்டு மட்டும் கிர்ர் கிர்ர் என்று உருண்டது. நெற்றியில் வேர்வை கோடு கோடாக இறங்கியது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

"ஆத்தீ! குத்திருச்சு!"

சத்தம் போட்டது பெரியவர் வீட்டுக்காரம்மா. கால் ஆறாமல் நாலு மாசம் கிடந்த அதே அம்மா. எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பெரியவர், "நான் சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னார். மேனேஜர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கார்ப் பக்கம் திரும்பினார்.

அண்ணாச்சி குவியலில் ஏறினார். கையையும் முட்டியையும் ஊன்றி, அந்த அம்மா நின்ற இடத்தை விரலால் துழாவினார். மண்ணுக்குள்ளிருந்து பளபளவென்று ஒன்று வந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் அப்படியே மண்டிபோட்டுக் கிடந்தார். மூணு பேர் கை, காந்தம், சல்லடை, எல்லாம் தாண்டி ஒன்று வந்துவிட்டதே என்று அவருக்கு.

எனக்கு எதற்கும் தலையை நிமிர்த்திப் பார்க்கிற பழக்கம் கிடையாது. கீழேதான் பார்ப்பேன். அந்த அம்மாவின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது காலில் ரெண்டாவது விரலில் மெட்டி இருந்தது. இடது கால் விரல் வெறுமையாக, வெளுத்த வளையத்தோடு இருந்தது. நான் பாக்கியத்தின் இடுப்பில் இடித்துக் காதில் சொன்னேன்.

அவ்வளவுதான். பாக்கியம் தொண்டை கிழியக் கத்தினாள்: "ஏத்தா! ஒங்க எடது கால் மெட்டி எங்க?"

அந்த அம்மா குனிந்து பார்த்தார். அண்ணாச்சியின் உள்ளங்கையைப் பார்த்தார். "அட, என்னோடதுதான்! கழண்டு விழுந்து அது மேலயே மிதிச்சிருக்கேன்" என்றார். மொத்தக் கூட்டமும் சிரித்த சிரிப்பில் ரெண்டு பேர் குவியலிலிருந்து உருண்டு கீழே வந்தார்கள்.

"உரத்துல குறையில்ல" என்று அந்த அம்மா புருசனைப் பார்த்துச் சொன்னார். "குறை ஒங்க மெட்டியிலதான். எம்புட்டு லூசா வாங்கிக் குடுத்திருக்கீக பாருங்க."

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆடி பதினெட்டு கழிச்சு டிராக்டர் அனுப்புதேன். இருக்கிறது பூராவும் எங்களுக்குத்தான். வேற ஊருக்குக் குடுத்துராதீக" என்றார். அண்ணாச்சி மெட்டியை ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து, அந்த அம்மா பக்கத்தில் வைத்துவிட்டு, பின்புறமாகவே நடந்து இறங்கினார். இறங்கினவர் எங்களைக் கடந்து போனார். நேரே செட்டுக்குப் பின்னால் போனார். அங்கேயிருந்து ஒரு பெரிய தும்மல் கேட்டது. அதற்குப் பிறகு இன்னொன்று.

எங்கள் வேலை நின்றது. அதாவது, போகாமல் நிலைத்து நின்றது.

நாங்கள் அவருக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டு மறுநாள் காலையில் போனோம். கேட்டில் சாக்பீஸால் எழுதின புதுப் பலகை தொங்கியது. 'மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவும்.'

பாக்கியம் பலகையைப் படித்துவிட்டு இடுப்பில் கையை வைத்தாள். "அண்ணாச்சி, கொலுசக் கழட்டச் சொன்னீக, கழட்டுனோம். ஊக்கக் கழட்டச் சொன்னீக, கழட்டுனோம். புருசன் கல்லு மாதிரி வீட்டுல உக்காந்திருக்கும்போது மெட்டியக் கழட்டச் சொல்றீகளே, அவரு கேட்டா நான் என்ன சொல்ல?"

"வெள்ளியும் உரசும் தாயி."

"உரசட்டும்!"

இப்படிப் பேசி, அப்படிப் பேசி, பத்துப் பேரும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். நான் அவர்களோடு நின்றேன். அண்ணாச்சி உள்ளே போனார். ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து, விரல் அகலத்துக்கு நீளநீளமாகக் கிழித்தார். மெட்டி மேலே இதைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள், வெள்ளியும் வெளியே தெரியாது, கழண்டும் விழாது என்றார். அதற்குப் பாக்கியமும் ஒத்துக்கொண்டாள்.

ஒவ்வொருத்தருக்கும் ஒரு சோடி கொடுத்துக்கொண்டே வந்தார். எனக்கு மெட்டி கிடையாது. அதைப் போட்டுவிட்டவர் போய்ச் சேர்ந்து அப்போதே பன்னிரண்டு வருசம். நான் ஒதுங்கிக் கேட்டுத் தூண் பக்கம் நின்றேன். அவர் அங்கேயும் வந்தார். கையில் பதினோராவது சோடி இருந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்காது. நீட்டினார். நானும் வாங்கி, குனிந்து, ரெண்டு விரலிலும் கட்டிக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தத் துணியை அவிழ்க்க மறந்து பதினோரு பேரும் விருதுநகர் பஸ்ஸில் ஏறிவிட்டோம். வரிசையாக உட்கார்ந்திருந்த எங்கள் கால்களைக் கண்டக்டர் பார்த்தார். டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"என்னக்கா இது, எல்லாருக்கும் அதே விரல்லயா அடிபட்டுச்சு?"

பாக்கியம் ஜன்னல் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "ஆமா தம்பி. குப்பை வெடிச்சிருச்சு."